ஆறு தெரிகிறது, ஆள் எங்கே?

மலை யாரையும் ஏய்ப்பதில்லை. ஆறு யாரையும் ஏவல் கொள்வதில்லை. அருவிக்கு ஆண்டான் அடிமை என்ற வேற்றுமை தெரியாது. ஆகவே மலையையும் ஆற்றையும் அருவியையும் தீட்டிய ஓவியம் மட்டும் மாசு மருவற்ற தூய கலை என்று பலர் கருதுகின்றனர். அரசனின் உருவப் படத்தில் ஆணவம் தெரியும், போர்க்களப் படத்தில் வென்றவனின் வெறி தெரியும். ஆனால் நீரும் நிழலும் நிறைந்த இயற்கைக் காட்சியில் எவருடைய நலம் ஒளிந்திருக்க முடியும் என்று அவர்கள் கேட்கின்றனர். கேட்கத் தக்க கேள்விதான். அதற்கு விடை கூறாமல் விலகிச் செல்வது திறனாய்வு ஆகாது.

விடை தேடுவதற்கு நாம் ஒரு தொகுப்பை எடுத்துக் கொள்கிறோம். 1821 முதல் 1825 வரை நியூயார்க் நகரில் பகுதி பகுதியாக வெளிவந்த 'ஹட்சன் ஆற்று ஓவியத் தொகுப்பு' அது. ஆற்றின் மேற்பகுதியில் லூசெர்ன் என்னும் சிற்றூரின் அருவியில் தொடங்கி, நியூயார்க் துறைமுகத்தில் முடியும் 20 அச்சோவியங்கள் கொண்டது. அமெரிக்க அச்சோவியத்தின் வரலாற்றை எழுதுவோர் முன்வரிசையில் வைத்துப் போற்றும் தொகுப்பு. இன்று அதன் ஏடுகளை நூலகங்களும் அருங்காட்சியகங்களும் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கின்றன. விரும்புவோர் வீட்டிலிருந்தே காணலாம். குற்றம் காண்பதற்கென்றே மட்டமான ஒன்றைத் தேடிப் பிடித்தோம் என்று எவரும் நம்மைக் கூற முடியாது. இருப்பவற்றுள் சிறந்ததையே எடுத்துக் கொண்டோம்.

அமிலம் தீட்டிய ஆறு

தொகுப்புக்கு மூல ஓவியம் தீட்டியவர் வில்லியம் கை வால். 1792இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்து, 1818இல் நியூயார்க்கில் குடியேறியவர். 1820ஆம் ஆண்டுக் கோடையில் ஹட்சன் ஆற்றங்கரை வழியே பயணம் செய்து, கண்டவற்றை நீர்வண்ணத்தில் தீட்டினார். ஹென்றி மெகரே என்ற வெளியீட்டாளர் அவற்றை அச்சேற்ற முன்வந்தார். செப்புத் தகட்டில் செதுக்கும் வேலை முதலில் ஜான் ரூபன்ஸ் ஸ்மித் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அவரிடமிருந்து ஜான் ஹில் கைக்கு மாறியது. ஹில் 1770இல் லண்டனில் பிறந்தவர், அங்கேயே தொழில் கற்றுத் தேர்ந்தவர், 1816இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். ஆக, அமெரிக்க மண்ணின் அழகை அமெரிக்கருக்கு எடுத்துக்காட்டிய இருவரும் அம்மண்ணில் பிறந்தவர் அல்லர். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் எந்தக் கண்ணோடு வந்தனர் என்பதைப் பின்னர்க் காண வேண்டியிருக்கிறது.

ஹில் கையாண்ட முறைக்கு அக்வாடின்ட் என்று பெயர். 1760களில் பிரான்சில் லெ பிரின்ஸ் என்ற ஓவியர் சீர்செய்து புகழ்பெறச் செய்த முறை அது. செப்புத் தகட்டின்மீது குங்கிலியப் பொடியை மென்தூளாகப் படியவிட்டுச் சூடேற்றுவர். துகள்கள் இளகித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தகட்டை அமிலத்தில் அமிழ்த்துவர். துகளுக்கும் துகளுக்கும் இடையே திறந்து கிடக்கும் செம்பை அமிலம் அரிக்கும். அரித்த குழியில் அச்சு மை தங்கும். எந்த இடம் வெளுப்பாக இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் அமிலம் தொடாத பூச்சைத் தடவி மூடிவிடுவர். மீண்டும் அமிலம், மீண்டும் பூச்சு. வானுக்கு ஒரு முறை, முகிலுக்கு ஒரு முறை, தொலைமலைக்கு ஒரு முறை என்று மூடி மூடி வந்து, கடைசி வரை மூடப்படாத இடம் கருநிழலாக நிற்கும். சற்று நேரம் கூடினால் வானம் கருகும். சற்றுக் குறைந்தால் மலை மறையும். அச்சிட்டு எடுத்த தாளின்மீது தூரிகை கொண்டு கையால் வண்ணம் ஏற்றுவர்.

இவ்வளவு பாடும் பட்டுத்தான் ஹில் அந்த ஆற்றை ஓடச் செய்தார். ஹாட்லி அருவியைப் பாருங்கள். பாறை கருத்து நிற்கிறது. நீர் வெண்மையாகப் பொங்குகிறது. அந்த வெண்மை எந்த வண்ணமும் அன்று, வெறும் தாள். அமிலம் தீண்டாமல் காத்த இடமே நுரையாகப் பாய்கிறது. விட்டுவிட்ட இடத்தையே நீராக்கிக் காட்டும் அந்தத் திறமையைப் பாராட்டாதவன் கலையைப் பேசத் தகுதியற்றவன். நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் விட்டுவிட்ட இடம் நுரை மட்டும்தானா?

கண்ணுக்கு இடப்பட்ட சட்டம்

ஹட்சன் தொகுப்பின் ஏடுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டுவோருக்கு ஓர் ஒழுங்கு புலப்படும். அருகே ஒரு கருமரம் அல்லது பாறை. அதையடுத்து ஒளி படிந்த நீர்ப்பரப்பு. அப்பால் நீலம் பூத்த மலை. மேலே பெருவானம். ஆட்கள் இல்லாமல் இல்லை. படகில் இருவர், கரையில் ஒருவர் என விரல்நகம் அளவே தெரிகின்றனர். மலை எவ்வளவு பெரிது என்று காட்டுவதற்கு அவர்கள் அளவுகோல். அளவுகோலுக்கு முகம் எதற்கு?

இந்த ஒழுங்கு ஹட்சன் ஆறு வகுத்துக் கொடுத்தது அன்று. இங்கிலாந்தில் வில்லியம் கில்பின் என்னும் பாதிரியார் வகுத்தது. அவர் நெடுங்காலம் பள்ளி நடத்திய ஆசிரியரும் ஆவார். 1782இல் வை ஆற்றுப் பயணத்தைப் பற்றி அவர் வெளியிட்ட நூல், ஓவியத்துக்கு ஏற்ற எழில் எது என்று இலக்கணம் கற்பித்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அந்நூலைக் கையில் ஏந்தி ஆறு பார்க்கக் கிளம்பினர். டின்டர்ன் மடத்தின் இடிபாடு போதிய அளவு இடியவில்லை, சுத்தியல் கொண்டு இன்னும் சற்று இடித்தால் அழகு கூடும் என்ற கருத்தைச் சொன்னவரும் இவரே! அந்த இடிபாட்டிலேயே வறியவர் பலர் ஒண்டிக் கிடந்ததையும், பக்கத்திலேயே இரும்பாலை இரைந்ததையும் அவர் கண்டார், எழுதவும் செய்தார். எழுத்தில் இடம் பெற்ற வறியவர் எழிலில் இடம் பெறவில்லை.

ஏன் இடம் பெறவில்லை? அதற்கும் அவரே பின்னொரு நூலில் விடை அளித்திருக்கிறார். ஒழுக்கத்தின் கண்கொண்டு பார்த்தால் உழைக்கும் தொழிலாளியே உயர்ந்தவன், ஆனால் ஓவியத்தின் கண்கொண்டு பார்த்தால் சோம்பித் திரியும் நாட்டுப்புறத்தானே ஏற்றவன் என்பது அவர் கருத்தின் சாரம். படிப்போர் இதை இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒழுக்கம் ஒரு பக்கம், அழகு ஒரு பக்கம் என்று கோடு கிழித்தாயிற்று. வியர்வை சிந்தும் மனிதன் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளப்பட்டான். உழைப்பு அழகன்று என்பது இயற்கை விதித்த விதியா? மனிதன், அதிலும் உழைக்கத் தேவையில்லாத மனிதன், எழுதிக் கொண்ட சட்டம் அது.

இந்தக் கண் எந்தெந்த நாட்டுக்குச் சென்றது என்பதற்கு நம் மண்ணிலும் சான்று உண்டு. தாமஸ் டானியல், வில்லியம் டானியல் என்னும் ஆங்கில ஓவியர்கள் 1792இலும் 1793இலும் தென்னாட்டில் சுற்றிக் கோவிலும் கோட்டையும் குன்றும் தீட்டினர். லண்டன் திரும்பி, 1795 முதல் 1808 வரை 144 அக்வாடின்ட் ஏடுகளாக வெளியிட்டனர். ஹில் தொழில் பயின்ற அதே நகரம், அதே முறை, அதே செம்பு, அதே அமிலம். அவ்வேடுகளுள் ஒன்று நெல்லைச் சீமையின் பாபநாசம் அருவி. அந்த ஓவியத் தொகுதி லண்டனில் உருவாகிக் கொண்டிருந்த ஆண்டுகளில்தான், 1799இல், கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஏட்டில் அருவி அமைதியாக வீழ்கிறது. டானியல்கள் பொய் தீட்டினர் என்று நாம் கூறவில்லை. அருவி அன்றும் வீழ்ந்தது, இன்றும் வீழ்கிறது. அருவி ஒன்றே அங்கே நடந்தது என்று எண்ண வைப்பதே இத்தகைய ஓவியத்தின் வேலை என்கிறோம்.

ஏட்டுக்கு வெளியே நின்றவர்கள்

மீண்டும் ஹட்சன் கரைக்கு வருவோம். தொகுப்பு வெளிவந்த 1821 முதல் 1825 வரை அந்தக் கரையில் நடந்தது என்ன?

நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை இன்னும் உயிரோடு இருந்தது. வடபுல மாநிலமாயிற்றே, அங்கேயுமா என்று வியக்க வேண்டாம். 1799இல் இயற்றிய சட்டம் அடிமைத்தாய்க்கு அதன் பின் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டுமே உரிமை தந்தது. அதுவும் பெண் 25 வயது வரையும் ஆண் 28 வயது வரையும் தாயின் உடைமையாளனுக்கு உழைத்த பிறகு! முழு விடுதலை 1827 சூலை 4ஆம் நாள்தான் வந்தது. 1820ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு அம்மாநிலத்தில் 10,000க்கும் மேற்பட்ட அடிமைகளைக் காட்டுகிறது. அதாவது, வால் தம் தூரிகையைத் தோய்த்த அதே ஆற்றங்கரையில் மனிதனை மனிதன் விலைக்கு வாங்கி வைத்திருந்தான்.

பெயர் கூறியே காட்டலாம். தொகுப்பில் ஹட்சன் நகரக் காட்சி உண்டு, நியூபர்க் காட்சி உண்டு. அவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே ஆற்றின் மேற்குக் கரையில் அல்ஸ்டர் மாவட்டம் கிடக்கிறது. அங்கே 1797ஐ ஒட்டி இசபெல்லா என்றொரு பெண் அடிமையாகப் பிறந்தாள். அவள் முதலில் பேசிய மொழி டச்சு. ஏறத்தாழ ஒன்பது வயதில், ஓர் ஆட்டுமந்தையோடு சேர்த்து, 100 டாலருக்கு விற்கப்பட்டாள். ஆட்டுக்கு எவ்வளவு, அவளுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கணக்கிட எவரும் நினைக்கவில்லை. தொகுப்பு அச்சாகிக் கொண்டிருந்த ஆண்டுகளில் அவள் அந்த மாவட்டத்திலேயே வயலிலும் வீட்டிலும் உழைத்துக் கொண்டிருந்தாள். தொகுப்பு முடிந்த மறு ஆண்டு, 1826இன் இறுதியில், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். சட்டத்துக்கு மாறாக அலபாமாவுக்கு விற்கப்பட்ட தன் மகனுக்காக வழக்காடி, 1828இல் வென்று மீட்டாள். 1843இல் சோஜர்னர் ட்ரூத் என்று தானே தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டு, அடிமை ஒழிப்புக்கும் பெண்ணுரிமைக்கும் முழங்கிய அந்த வீராங்கனையை உலகம் அறியும். அவள் நடந்த கரையை வாலின் தொகுப்பு கடந்து செல்கிறது. அவளைப் போன்றவள் எந்த நீலமலையை நோக்கி நின்றாளோ, அந்த மலை மட்டும் ஏட்டில் ஏறியது.

அடுத்து, ஆற்றின் முதல் உரிமையாளர். ஹென்றி ஹட்சன் 1609இல் கப்பலோட்டி வருவதற்கு முன் அந்த ஆறு பெயரற்றுக் கிடக்கவில்லை. அதன் கரையில் வாழ்ந்த மோகிகர்கள், நிலைகொள்ளாமல் இருபுறமும் அசையும் நீர் என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்திருந்தனர். கவிதைக்காக வைத்த பெயர் அன்று, கண்டறிந்து வைத்த பெயர். கடலின் ஏற்றமும் இறக்கமும் ஆற்றினுள் டிராய் நகர் வரை, ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவு, ஏறி இறங்குகின்றன. அறிவோடு பெயரிட்ட அம்மக்கள் படிப்படியாக அகற்றப்பட்டனர். முதலில் மாசசூசெட்சின் ஸ்டாக்பிரிட்ஜ், பிறகு நியூயார்க்கின் ஒனைடா நிலம், பிறகு 1820களில் தொலைமேற்கே விஸ்கான்சின். ஆம், வாலின் ஏடுகள் வெளிவந்த அதே ஆண்டுகளில் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தனர்.

தொகுப்பின் ஆறாம் ஏடு கிளென்ஸ் அருவி. அதே அருவிக்கரையின் குகையைக் களமாகக் கொண்டு பெனிமோர் கூப்பர் எழுதிய புதினம் 1826இல் வெளிவந்தது. மோகிகர் குலத்தில் எஞ்சிய கடைசி மனிதன் என்ற பொருள்படத் தலைப்பிட்டார். உயிரோடு ஊர்விட்டு ஊர் செல்லும் மக்களைப் பார்த்து, 'உங்களில் கடைசியானவன் செத்துவிட்டான்' என்று கண்ணீர் உகுத்த இலக்கியம் அது! விஸ்கான்சினில் அம்மக்களின் வழித்தோன்றல்கள் தமக்கென ஆட்சி மன்றத்தோடு இன்றும் வாழ்கின்றனர். ஓவியம் அவர்களை விட்டுவிட்டது. புதினம் அவர்களைப் புதைத்துவிட்டது. ஒன்றுக்கொன்று துணை.

இது ஒரு தொகுப்பின் குறை மட்டும் அன்று. ஜாஷுவா ஷா என்பவர் தீட்ட, இதே ஹில் செதுக்க, 1820இலும் 1821இலும் பிலடெல்பியாவில் வெளிவந்த 'அமெரிக்க எழிற்காட்சிகள்' தொகுப்பில், பொட்டோமக் ஆற்றங்கரை மவுண்ட் வெர்னானில் உள்ள வாஷிங்டனின் கல்லறை இடம்பெற்றது. பெருமகன் துயிலும் இடம், நாட்டின் பெருமை. நன்று. வாஷிங்டன் மறைந்த 1799ஆம் ஆண்டு அந்தப் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களின் இடுகாடும் அதே பண்ணையில்தான் உள்ளது. யார் எங்கே கிடக்கிறார் என்று சொல்லப் பெயர் பொறித்த கல் ஒன்றுமில்லை. அங்கே பொதுவாக ஒரு நினைவுக் கல் நாட்ட 1929 வரை ஆயிற்று. நினைவுச் சின்னம் எழுப்ப 1983 வரை ஆயிற்று. ஒரு கல்லறை ஓவியமானது. மற்றவை மண்ணாயின.

"அந்தக் காலம் அப்படி" என்பார்க்கு

"அந்தக் காலத்து ஓவியனிடம் இந்தக் காலத்து நியாயத்தைக் கேட்கலாமா?" என்பர் சிலர். கேட்கக் கூடாது என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்து ஓவியனையே சான்றுக்கு அழைப்போம்.

வில்லியம் பர்ச் என்பவர் 1800இல் பிலடெல்பியா நகரக் காட்சிகளைச் செப்பேட்டில் செதுக்கி வெளியிட்டார். அத்தொகுப்பின் ஓர் ஏட்டில் போர்க்கப்பல் ஒன்று உருவாகிக் கொண்டிருக்கிறது. கப்பலின் விலா எலும்புகள் வானை நோக்கி நிற்க, அடியிலே தொழிலாளர் மரத்தோடு மல்லாடுகின்றனர். இன்னோர் ஏட்டில், மாநில மாளிகையின் பின்புறத் தோட்டத்தில் தொல்குடியினர் சிலர் நின்று காண்கின்றனர். ஆக, உழைப்பாளியைக் காட்ட முடியாத காலமும் அன்று, தொல்குடியைக் காணாத கண்ணும் அன்று. பர்ச்சின் ஏடுகள் குற்றமற்றவை என்று நாம் சொல்ல வரவில்லை. காட்ட முடிந்தது என்பதே நாம் சொல்ல வருவது. அதே பர்ச் 1808இல் செல்வர்களின் நாட்டுப்புற மாளிகைகளைத் தீட்டி வெளியிட்டபோது கப்பல் தச்சருக்கு அங்கே வேலை இருக்கவில்லை. புல்வெளியும் மரநிழலும் மாளிகையும் போதுமாயின. ஓவியர் மாறவில்லை, காலமும் பெரிதாக மாறவில்லை. வாங்குவோர் யார் என்பது மாறியது.

வாலிடமும் நேர்மையின் ஒளி இல்லாமல் இல்லை. கிளென்ஸ் அருவி ஏட்டில் அருவியோடு பாலமும் ஆலைக் கட்டடங்களும் நிற்கின்றன. தண்ணீர் வீழ்வது காட்சிக்காக மட்டுமன்று, மரம் அறுக்கும் வாளைச் சுழற்றவும்தான் என்பது அங்கே தெரிகிறது. நம் கருத்தில், தொகுப்பின் சிறந்த ஏடுகளுள் அதுவும் ஒன்று. அழகு அங்கே குறையவில்லை. ஆற்றுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று காட்டியதால் ஆறு சிறுமைப்படவில்லை. எந்தச் சட்டத்தைக் கில்பின் எழுதினாரோ, அந்தச் சட்டத்தை வால் தம்மையறியாமல் மீறிய இடத்தில்தான் அவர் ஓவியம் உயர்கிறது. உழைப்பு அழகுக்கு ஆகாது என்போர்க்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டுமா?

தூரிகை ஏந்திய பெயரற்ற கைகள்

இன்னொரு மறைவும் உண்டு. தகட்டின் அடியில் தீட்டியவர் பெயர் இருக்கும், செதுக்கியவர் பெயர் இருக்கும், வெளியிட்டவர் பெயர் இருக்கும். ஒவ்வொரு தாளுக்கும் ஒவ்வொன்றாக நீலமும் பச்சையும் ஏற்றிய கைகளின் பெயர்?

தொகுப்பின் புகழ் கடல் கடந்தது. இங்கிலாந்தின் ஸ்டாபோர்ட்ஷயரில் கிளூஸ் உடன்பிறப்புகள் நடத்திய மட்பாண்ட ஆலை, வாலின் ஹட்சன் காட்சிகளை நீல வண்ணத்தில் உணவுத் தட்டுகளில் அச்சிட்டு அமெரிக்கருக்கே விற்றது. தம் ஆற்றின்மீது சோறு வைத்து உண்டனர் அமெரிக்கர்! பின்னர்க் கல்லச்சு வந்தது. செம்பைவிட மலிவு, விரைவு. நியூயார்க்கில் நதானியேல் கரியர் 1830களில் தொடங்கி, 1857இல் ஐவ்ஸ் கூட்டாளியாகச் சேர, 1907 வரை நடந்த 'கரியர் அண்டு ஐவ்ஸ்' நிறுவனம் எளியோர் வீட்டுச் சுவருக்கும் இயற்கைக் காட்சியைக் கொண்டு சென்றது. அதை நாம் குறைவாக மதிக்கவில்லை. செல்வன் மட்டுமே கண்ட கலையைத் தொழிலாளி வீட்டுச் சுவருக்குக் கொண்டு வருவது முன்னேற்றமே. ஆனால் அங்கே பெண்கள் நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருத்திக்கு ஒரு வண்ணம் என்று பிரித்துக்கொண்டு, தாளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பூசினர். ஒருத்தி நாள் முழுதும் வானத்தை மட்டும் நீலமாக்கினாள். அவள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

அந்நிறுவனத்துக்காகப் பானி பால்மர் என்னும் பெண் ஓவியர் தீட்டி 1868இல் வெளிவந்த ஒரு கல்லச்சு, ஆசிரியத் தொழில் புரிவோர் கட்டாயம் காண வேண்டியது. கண்டத்தின் குறுக்கே இருப்புப்பாதை ஓடுகிறது. இடப்பக்கம் புதுக்குடியேற்றம்; அங்கே ஒரு கட்டடத்தின்மீது 'பொதுப் பள்ளி' என்று எழுதியிருக்கிறது. வலப்பக்கம், குதிரைமீது அமர்ந்த தொல்குடியினர் இருவர். வண்டி கக்கும் புகை அவர்களை நோக்கியே சாய்கிறது. பள்ளிக்கூடம் ஒரு பக்கம், புகை ஒரு பக்கம்! வாலின் ஏடு சொல்லாமல் விட்டதை இந்த ஏடு வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. பள்ளியை நாம் போற்றுகிறோம். ஆனால் யாருக்குப் பள்ளி, யாருக்குப் புகை என்று கேட்கக் கற்றுக்கொடுக்காத பள்ளி எதற்கு?

படம் கற்பித்ததையே கண் காக்கிறது

இனி, இவையெல்லாம் பழங்கதை, இன்று இதனால் ஆவதென்ன என்பார்க்கு ஒரு சொல்.

ஓவியம் வெறும் காட்சி அன்று, கண்ணுக்குப் பாடம். வால் காட்டிய ஹட்சன் மலைகளைத் தாமஸ் கோல் 1825 முதல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அவர் வழியில் ஓர் ஓவியப் பள்ளியே தோன்றியது. அந்த மலைகள் அழகு என்று ஒரு நாடே கற்றுக்கொண்டது. கற்ற பாடம் வீண் போகவில்லை. 1960களில் அந்த மலைத்தொடரின் ஸ்டார்ம் கிங் மலையைக் குடைந்து மின்நிலையம் அமைக்க ஒரு திட்டம் எழுந்தது. 1963இல் மக்கள் திரண்டு எதிர்த்தனர். இயற்கை எழிலையும் கருதிப் பார்க்க வேண்டும் என்று 1965இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980இல் உடன்பாடு ஏற்பட்டுத் திட்டம் கைவிடப்பட்டது, மலை பிழைத்தது. அழகுணர்ச்சி ஒரு மலையைக் காத்தது. இதை மறைத்தால் நாமும் கில்பின் செய்ததையே செய்தவராவோம்.

ஆனால் அதே ஆற்றில், அதே ஆண்டுகளில், வேறொன்றும் நடந்தது. வாலின் ஏழாம் ஏடு சாண்டி ஹில் அருகிலுள்ள காட்சி. அவ்வூர் 1910 முதல் ஹட்சன் பால்ஸ் என்று பெயர் பெற்றது. பத்தாம் ஏடு போர்ட் எட்வர்ட். இந்த இரண்டு ஊர்களிலும் இருந்த மின்கருவி ஆலைகளிலிருந்து 1947 முதல் 1977 வரை பி.சி.பி. என்னும் நச்சு வேதிப்பொருள் ஆற்றில் கலந்தது. 13 இலட்சம் பவுண்டு வரை கலந்திருக்கும் என்பது அரசின் மதிப்பீடு. 1976இல் மேல் ஹட்சனில் மீன்பிடிப்பே தடைசெய்யப்பட்டது. ஆற்றுப்படுகையைத் தோண்டிச் சேற்றை அகற்றும் பணி 2009இல்தான் தொடங்கி 2015 வரை நடந்தது. மலையைக் குடையப் போகிறார்கள் என்றதும் கொதித்தெழுந்த நாடு, நீரின் அடியில் நஞ்சு தேங்கியதை முப்பது ஆண்டு காணவில்லை. ஏன்? மலை படத்தில் இருந்தது. சேறு படத்தில் இல்லை. எழில் பார்க்க வந்தவன் மலையைப் பார்த்தான். நஞ்சு ஏறிய மீனைப் பிடித்து உண்ணும் ஏழை எந்த எழிற்காட்சியில் இடம்பெற்றான்?

நம் முடிவு இதுதான். ஹட்சன் தொகுப்பைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. ஹில் செம்பில் செய்த விந்தையை மாணவர் காண வேண்டும். வாலின் ஒளிபடிந்த நீரைக் கண்டு மகிழ வேண்டும். மகிழ்ந்தபின் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அமிலம் படாமல் மூடிய இடம் எது, மனம் படாமல் மூடிய இடம் எது? முன்னது கலை. பின்னது வழக்கம். கலையைப் போற்றுவோம், வழக்கத்தைக் கேள்வி கேட்போம். ஆட்டுமந்தையோடு விற்கப்பட்ட இசபெல்லாவும், அசையும் நீருக்குப் பெயர் வைத்த மோகிகரும், வானத்தை நீலமாக்கிவிட்டுப் பெயரின்றிப் போன பெண்ணும் நிற்கும் அளவுக்கு அகன்ற ஏடு வேண்டும். அவர்கள் நின்றால் ஆற்றின் எழில் கெட்டுவிடும் என்பார் இருப்பின், கெட்டது ஆறு அன்று, அவர் கண்.